எலும்புக்கு ஒரு மாவுக்கட்டு

மார்ச் 2, 1957, சனி
புள்ளிக்குறிச்சி

வந்து இறங்கிய சற்று நேரத்திலேயே ஊரார் பார்க்க ஒரு கல்லை நக்கினேன். வேறு வழியில்லை. கல்லாய்ப்போன எலும்பா, வெறும் கல்லா என்று கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் இதைவிடச் சுலபமான வழி கிடையாது. எலும்பென்றால் அதிலுள்ள நுண்ணிய துளைகள் ஈரத்தை இழுத்து நாக்கில் ஒட்டிக்கொள்ளும். கல்லென்றால் ஒட்டாது. இது ஒட்டவில்லை. ஓடைக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துவைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். விஞ்ஞானத்தில் இவ்வளவு ஆர்வமுள்ள ஊரை நான் கண்டதில்லை.

பள்ளிக்கூடத்தின் பின்னறை தங்குவதற்கு. சமையலுக்கும் ஜீப்புக்கும் மஸ்தான் பாய். திருச்சிக்காரர், என்னைவிட மூத்தவர், ஜீப்பைவிட இளையவர்.

எங்கள் துறையில் களத்துக்கு அனுப்பப்பட்ட முதல் பெண் நான். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. டைரக்டர் நஞ்சுண்டையா வழியனுப்பும்போது சொன்னதை மறக்காமலிருக்க எழுதுகிறேன்: "மிஸ் ரூத், இந்த மாசம் முழுக்க உங்களுக்கு. ஒரே ஒரு டைனோசர் எலும்பு காட்டுங்க போதும். ஆனா அந்தப் பக்கம் கல்லாப்போன மரக்கட்டை நிறைய. ஏமாந்துடாதீங்க." காட்டாவிட்டால் இந்த வட்டாரம் என்னோடு வேலை பார்க்கும் சந்தானத்துக்குப் போய்விடும். எனக்கு, பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிற பழைய மேசை. அந்த மேசையின் ஒரு கால் ஆடும்.

நான் ஏமாறுகிற ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 4, திங்கள்

காலையில் வாசலில் ஒரு கூடை மாங்காய்ப் பிஞ்சு. கூடவே ஒரு பெண்மணி. பெயர் அஞ்சலை. நாற்பதைத் தாண்டியவர், நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், குரல் ஓடைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்.

"எத்தன மாசம் டீச்சரம்மா?"

இந்த ஊரில் படித்த பெண் என்றால் டீச்சர்தான். "ஒரு மாசம்தான்" என்றேன்.

"ஒரு மாசத்துலயே இம்புட்டு மண்ணு திங்கிறியே! நாங்கள்லாம் மூணாம் மாசத்துக்கு மேலதான் சாம்பலத் தின்போம்."

விஷயம் புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும், "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை!" என்று உரக்கச் சொன்னேன். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். கூட வந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அஞ்சலை மட்டும் என் தோளைத் தட்டி, "அதனால என்னா, தின்னு" என்று கூடையை வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 5, செவ்வாய்

மாங்காய் நன்றாக இருந்தது.

மார்ச் 9, சனி

இதுவரை கிடைத்தவை: கடல்நத்தைச் சுருள்கள், சிப்பிகள், ஒரு சுறாப் பல். எலும்பு இல்லை. மரக்கட்டை இரண்டு. அவற்றில் ஒன்றை எலும்பு என்று நான் நினைத்தது எனக்கும் மஸ்தான் பாய்க்கும் மட்டும் தெரியும்.

அஞ்சலை தினமும் வந்து குந்திக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார். பேச்சு நிற்பதே இல்லை. வாயடைக்கட்டுமென்று, இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்றேன்.

"இங்கயா? இந்தக் கம்பங்கொல்லையிலயா?"

"இங்கதான் அக்கா. நீங்க உட்கார்ந்திருக்கது கடலுக்கு அடி."

நான் நினைத்ததைவிட நன்றாகவே வாய் அடைத்தது. வெகுநேரம் கழித்துக் கேட்டார்: "அப்ப மலாயாக் கப்பலு இங்கயே வந்து நின்னுருக்குமே. நாகப்பட்டினம் போயிருக்க வேணாமே?"

அப்போது கப்பலே கிடையாது, மனிதனே கிடையாது, ஏழு கோடி வருஷம் ஆகிறது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்னா பிரயோசனம்" என்று எழுந்து போனார்.

மார்ச் 12, செவ்வாய்

ஒட்டிக்கொண்டது!

அஞ்சலையின் கொல்லைக்கும் ஓடைக்கும் நடுவில் ஒரு மேட்டுச் சரிவு. தண்ணீர்க் குடத்தோடு ஏறுவதற்கு அவர் கால் வைக்கிற கல் ஒன்று அதில் துருத்திக்கொண்டிருக்கும். பத்து நாளாக நானும் அதில்தான் கால் வைத்து ஏறினேன். இன்று வழுக்கி விழுந்து, விழுந்த கோபத்தில் சுத்தியால் மண்ணைத் தட்டினால், உள்ளே பழுப்பு நிறம். நக்கினேன். நாக்கு பிய்த்துக்கொண்டுதான் வந்தது.

சுற்றிலும் மண்ணைச் சுரண்டிப் பார்த்தேன். தொடையெலும்பு. முழங்கால் பக்கத்துப் பாதி. இந்தப் பாதியே என் இடுப்புயரம். மரக்கட்டை இல்லை என்று என் நாக்குக்குத் தெரியும். டைரக்டருக்கு நாக்கு போதாது. உள்ளே இருக்கும் சல்லடைத் துளைகளைக் கண்ணால் காட்ட வேண்டும். உடைத்துக் காட்ட எனக்கு மனம் வராது.

மஸ்தான் பாய் இரவுச் சாப்பாட்டுக்குக் கோழி அடித்தார்.

மார்ச் 13, புதன்

நிலம் அஞ்சலையின் வீட்டுக்காரர் பேரில் இருக்கிறது. "அவுங்க மலாயாவுல இருக்காங்க" என்றார். அனுமதி எழுதி வாங்க வேண்டுமே, பெயர் என்ன என்று கேட்டேன். புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாராம். கள்ளங்குறிச்சிப் பக்கம் கையை நீட்டி, "அந்தச் சாமிதான்" என்றார். அங்கே எந்தச் சாமி என்று பாளையங்கோட்டைக் கிறிஸ்தவச்சி எனக்கு என்ன தெரியும்? 'அஞ்சலையின் கணவர்' என்றே எழுதிக்கொண்டேன்.

"தோண்டிக்க. எடுத்துட்டுப் போறத அப்பறம் பாப்பம்" என்பது தீர்ப்பு.

மார்ச் 17, ஞாயிறு

காலை அரியலூரில் ஆராதனை. பிற்பகல் துணி துவைத்தேன். ஒரு ரவிக்கையை ஆடு தின்றுவிட்டது.

மார்ச் 20, புதன்

தூரிகையும் கோணூசியுமாய் மெல்ல மெல்ல மண்ணை விலக்குகிறேன். அஞ்சலையின் கேள்விகள் எலும்பைவிடப் பெரியவை.

"இது இந்த ஊருதானா?"

இல்லை, கரையில் எங்கேயோ செத்திருக்கும், வெள்ளம் கடலுக்கு இழுத்துப்போயிருக்கும், மிதந்து மிதந்து இங்கே வந்து அடங்கியிருக்கும் என்றேன்.

"எடுத்துப் போட ஆளில்லாமயா?"

"யார் இருக்கா? அனாதையாத்தான் கிடந்திருக்கு."

"கடலத் தாண்டி வந்து, என் கொல்லையில கெடந்துருக்கு. நான் தெனமும் காலால மிதிச்சிருக்கேன்."

"தெரியாமத்தானே அக்கா."

"ஆம்பளையா, பொம்பளையா?"

ஒரு தொடையெலும்பை வைத்து அதைச் சொல்ல முடியாது. முதுகு வலி, வெயில், நகத்துக்குள் மண். "ஆம்பளைன்னே வச்சுக்கிடுங்க" என்றேன்.

அஞ்சலை எழுந்து முந்தானையை உதறினார். "சரி, எடுத்துக்க. ஆனா முறையா காரியம் ஒண்ணு செஞ்சுட்டுத்தான் அனுப்புவேன்."

தேங்காய் உடைப்பார்கள், சூடம் காட்டுவார்கள். எலும்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. உடனே சம்மதித்தேன். ஊராரோடு அனுசரித்துப் போவதில் சந்தானத்தைவிட நான் கெட்டிக்காரி.

மார்ச் 22, வெள்ளி

மஸ்தான் பாய் டீக்கடையில் கேட்டு வந்த கதை. ஊர்க்கதையில் எனக்கு ஆர்வமில்லை. எழுதி மட்டும் வைக்கிறேன். அஞ்சலையின் வீட்டுக்காரர் கல்யாணமான மறுவருஷமே மலாயாவுக்கு ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போனான் என்று ஒருவன் திரும்பி வந்து சொல்லியிருக்கிறான். அதற்கு மேல் தகவல் இல்லை. உறவுக்காரர்கள் குங்குமத்தை அழிக்கச் சொன்னபோது, "செத்ததப் பாத்தவன் வந்து சொல்லட்டும்" என்று விளக்குமாற்றைத் தூக்கியிருக்கிறார். அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

பல்லி விழுந்த பாலைக் கொட்டிவிட்டோம்.

மார்ச் 26, செவ்வாய்

இன்று மாவுக்கட்டு. கால் முறிந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் போடுகிற அதே மாவுக்கட்டுதான். எலும்பின் மேல் ஈரக் காகிதம், அதற்கு மேல் மாவுக்குழம்பில் தோய்த்த துணிப்பட்டைகள். காய்ந்தால் பாறை மாதிரி இறுகிவிடும்; எவ்வளவு குலுங்கினாலும் எலும்புக்கு ஒன்றும் ஆகாது.

"கட்டுப் போட்டா எந்திரிச்சு நடந்துருமா?" என்றார் அஞ்சலை.

பாதியில் துணி தீர்ந்துவிட்டது. சாக்கைக் கிழித்தோம், அதுவும் போதவில்லை. அஞ்சலை வீட்டுக்குப் போய் இரண்டு வேட்டிகள் கொண்டுவந்தார். சிவப்புக் கரை, மடிப்பு கலையாதவை, ரசகற்பூர உருண்டை வாசனை. ஒருமுறைகூடக் கட்டப்படாதவை என்று பார்த்தாலே தெரிந்தது.

"புதுசா இருக்கே அக்கா. பழையது போதும்."

"இருக்கட்டும், இதுலயே சுத்து."

நல்ல நெசவு. நேராகக் கிழிந்தது. குழம்பையும் நன்றாக உறிஞ்சியது. கட்டி முடிக்கிறவரை அஞ்சலை ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

மார்ச் 29, வெள்ளி

டைரக்டரின் தந்தி. திங்கள் காலை ரயிலில் வருகிறார். எலும்பு பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது.

ஞாயிறு அமாவாசையாம். அன்று காரியத்தைச் செய்துவிடலாமா என்று அஞ்சலை கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போய்விடுவேன், நீங்களே தாராளமாகச் செய்துகொள்ளுங்கள் என்றேன். என் வாயால் சொன்னேன்.

மார்ச் 31, ஞாயிறு
கொள்ளிடக் கரை

மணலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆராதனை முடிந்து மதியம் திரும்பினால் கொட்டகை காலி. தரையில் சாணி மெழுகி, கோலம் போடாமல் விட்டிருந்தார்கள். ஓர் ஓரமாய் அகல் எரிந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற கிழவரிடம் கேட்டேன். "விடியக்காலையிலயே வண்டி கட்டிட்டாங்களே. கொள்ளிடத்துல கரைக்க."

"எதைக் கரைக்க?"

"அஸ்தியத்தான்."

காரியம் என்றால் எங்கள் வீட்டில் ஜெபம், பாட்டு, அடக்கம், அதற்குப் பின் ஒரு காப்பி. எலும்பை ஆற்றில் விடுவார்கள் என்பது எனக்கு எப்படித் தோன்றும்? மஸ்தான் பாயைப் பார்த்தேன். "எனக்கும் தோணலம்மா. நாங்களும் பொதைக்கிறவங்கதான்" என்றார். அந்த ஜீப் அவ்வளவு வேகம் போகும் என்று அதற்கே தெரியாது. வழி நெடுக நான் மேசையின் ஆடுகிற காலைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

ஆற்றில் வண்டியை இறக்கியிருந்தார்கள். அஞ்சலையின் கொழுந்தன் கோவிந்தன் இடுப்புத் துண்டோடு நின்றார். கரையில் ஒரு பண்டாரம் எள்ளும் தண்ணீரும் வைத்துக்கொண்டிருந்தார். என் எலும்பு வண்டியில் இல்லை. தண்ணீருக்கு அடியில் வெள்ளையாகத் தெரிந்தது.

நான் அப்படியே ஓடி ஆற்றில் குதித்தேன். பங்குனி மாதத்துக் கொள்ளிடம் முழங்காலுக்கு மேல் வரவில்லை. குதித்ததற்கு முழங்கால் சிராய்த்ததுதான் மிச்சம்.

கோபம் வந்தால் எனக்குப் பாளையங்கோட்டை வந்துவிடும். "ஏன்க்கா இப்படிச் செஞ்சிய? என் பொழப்பையே தண்ணியில போட்டுட்டியளே! நாளைக்கு டைரக்டர் வந்து கேட்டா நான் என்னத்தக் காட்டுவேன்?"

அஞ்சலை கரையில் ஈரப் புடவையோடு நின்றார். கத்தவில்லை. "கொஞ்சம் பொறு டீச்சரம்மா. இன்னும் முடியல" என்றார்.

பண்டாரம் கேட்டார்: "பேரு சொல்லுங்க."

கோவிந்தன் வாயைத் திறந்தார். அஞ்சலை கையமர்த்தினார். ஆற்றைப் பார்த்தபடி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தானே சொன்னார்:

"கலியபெருமாள்."

கோவிந்தன் தலையைக் குனிந்துகொண்டார். கள்ளங்குறிச்சிப் பெருமாள் கோயில் பக்கம் நீண்ட அந்தக் கை எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேட்டிகளும் ஞாபகம் வந்தன. ஆம்பளைன்னே வச்சுக்கிடுங்க என்று நான் சொன்னதும்.

எள்ளும் தண்ணீரும் விட்டு முடிந்தபின் அஞ்சலை ஆற்றுக்குள் இறங்கி என் பக்கத்தில் வந்தார்.

"ஏழு கோடி வருசத்துக்கு முந்தின மிருகம்னு நீ சொன்னது எனக்கு மறந்துருச்சுன்னு நெனச்சியா? இது அவரு இல்லன்னு எனக்குத் தெரியாதா? கரைக்கிறதுக்குக் கையில ஏதாச்சும் ஒண்ணு வேணும்ல புள்ள. அவனவன் ஒரு பிடி சாம்பல் கொண்டாறான். நான் இத்தன வருசமா வெறுங்கையோட எப்புடி ஆத்துக்கு வர்றது?"

நான் குனிந்து தண்ணீருக்கடியில் இருந்த மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஆத்துல விட்டாச்சு. அவருக்குச் சேரவேண்டியது சேந்துருச்சு. இனிமே அது உனக்கு வெறும் எலும்புதானே, எடுத்துக்க" என்றார். பிறகு வண்டிக்காரர்களைப் பார்த்து அதட்டினார்: "என்னாடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? டீச்சரம்மாவுக்குத் தூக்கிக் குடுங்க!"

ஐந்து பேரும் நானுமாகத் தூக்கி மணலில் வைத்தோம். அஞ்சலையும் ஒரு பக்கம் பிடித்தார். இறக்கும்போது வண்டியில் மோதியதால் மாவுக்கட்டின் ஒரு முனை உடைந்திருந்தது. எலும்பிலும் ஒரு சில்லு போயிருந்தது. சந்தையில் பிள்ளையைத் தொலைத்துக் கண்டுபிடித்தவள் மாதிரி அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அழுதேன். எலும்புக்காக என்று முதலில் எழுத நினைத்தேன். எலும்புதான் கிடைத்துவிட்டதே.

ஏப்ரல் 1, திங்கள்

எல்லாரும் மணலிலேயே தங்கிவிட்டோம். வண்டியின் அச்சு இளகிவிட்டது. மஸ்தான் பாய் காலை ரயிலுக்குப் போய் டைரக்டரை நேராக ஆற்றுக்கே அழைத்துவந்தார். மணலில் செருப்புப் புதைய, கோட்டோடு நடந்து வந்தவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"மிஸ் ரூத், ஆத்து மணல்ல டைனோசரா? இன்னிக்கு ஏப்ரல் ஒண்ணுங்கறது எனக்கும் தெரியும்."

நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. உடைந்த முனையை நோக்கிக் குனிந்திருந்தார். நான் தொடத் துணியாமல் விட்டிருந்த களிமண்ணை ஒரே சாயங்காலத்தில் ஆறு கழுவிவிட்டிருந்தது. சில்லு போன இடம் காலை வெயிலில் காய்ந்து, உள்ளே சல்லடை சல்லடையாய்த் துளைகள் தெரிந்தன. எந்த மரத்திலும் இப்படி இருக்காது.

டைரக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சுற்றுமுற்றும் பார்த்தார். மணலில் மண்டியிட்டு, கோட்டின் வாலை ஒதுக்கிக்கொண்டு, எலும்பை நக்கினார். நாக்கு ஒட்டிக்கொண்டது.

அஞ்சலை என் காதருகே குனிந்து, ஆறு முழுக்கக் கேட்கும்படி ரகசியமாகக் கேட்டார்:

"இவருக்கு எத்தன மாசம்?"

மஸ்தான் பாய் ஜீப்புக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். டைரக்டருக்குப் புரியவில்லை. நல்லவேளை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அஞ்சலையின் நெற்றியில் குங்குமம் இல்லை. நேற்று ஈரத்தில் அழிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 3, புதன்

மூட்டை கட்டியாயிற்று. அடுத்த பருவமும் இந்த வட்டாரம் எனக்கே. சந்தானத்துக்குச் சீட்டு ஒட்டுகிற மேசை. அதன் கால் ஆடுவதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

அஞ்சலை ஊறுகாய் கொடுத்தார். ரயிலில் எலும்பைத் தெற்கே தலை வைத்துக் கொண்டுபோகச் சொன்னார். தொடைக்கு எது தலை என்று கேட்கவில்லை, அப்படியே செய்வதாகச் சொன்னேன்.

ஜூன் 18, செவ்வாய்
சென்னை

மாவுக்கட்டைப் பிரித்தோம். நாங்கள் தோண்டும் எலும்புகளுக்கு வேலை வசதிக்காகச் செல்லப் பெயர் வைப்பது வழக்கம். இதற்கு என்ன பெயர் என்று ஆய்வுக்கூடத்துப் பொடியன்கள் கேட்டார்கள். சொன்னேன். சிரித்தார்கள். இப்போது அறை முழுக்க, "கலியபெருமாள் சாரைக் கொஞ்சம் நகத்துங்க", "கலியபெருமாள் சார் மேல தூசி" என்று ஒரே மரியாதையாக இருக்கிறது.

பிரித்த மாவுத் துணியைக் குப்பையில் போடுவதுதான் முறை. சிவப்புக் கரை தெரிந்த ஒரு துண்டை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். விஞ்ஞானத்துக்கு அதனால் பயன் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 9, திங்கள்
புள்ளிக்குறிச்சி

மழை ஓய்ந்து, ஓடையில் தண்ணீர் ஓடுகிறது. மறுபடியும் வந்து இறங்கியாயிற்று. மஸ்தான் பாய், அதே ஜீப். மேட்டுச் சரிவில் எலும்பு இருந்த இடத்தில் அஞ்சலை ஒரு அம்மிக்கல்லைப் பதித்துக் கால் வைத்து ஏறுகிறார்.

வெற்று நெற்றி, அதே குரல். என்னைக் கண்டதும் குடத்தை இறக்கி வைத்தார். ஜீப்பையும் மஸ்தான் பாயையும் என் பழைய ரவிக்கையையும் விசாரித்து முடித்தார். பிறகு குடத்தைத் திரும்பத் தூக்கப்போகிறவர் போலக் குனிந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"அவரு எப்புடி இருக்காரு?"

"நல்லா இருக்கார் அக்கா. காத்தோட்டமான அறை. தலைக்கு மேல மின்விசிறி. தினமும் தூசி தட்டுதாங்க. எல்லாரும் 'சார்'னுதான் கூப்பிடுதாங்க."

"மெட்ராஸ்லதான?"

"மெட்ராஸ்லதான்."

அஞ்சலை நிமிர்ந்து குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

"பரவால்ல. மலாயாவ விட மெட்ராஸ் கிட்டத்தான். ரயில் ஏறுனா போயிப் பாத்துட்டு வந்துரலாம்."